“நடத்தையில் சந்தேகம்”: இது யாருடைய வாக்கியம்?

கரிசல்மண் எழுதியது:

செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தைத் தினமும் படிக்கிறவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும். “குடும்பம் நடத்த வர மறுத்த மனைவி வெட்டிக் கொலை.” “காதலை ஏற்க மறுத்த மாணவிக்குக் கத்திக்குத்து.” “நடத்தையில் சந்தேகம்: மனைவி கழுத்தை நெரித்துக் கொலை.” ஊர் பெயரை மட்டும் மாற்றினால் போதும், எந்த வாரத்துக்கும் பொருந்தும்.

ஒரு நிமிடம் நின்று அந்த முதல் தலைப்பைத் திரும்பப் படியுங்கள். அதில் ஏதோ செய்தவர் யார்? மனைவி. அவர் மறுத்தார். வெட்டியவன் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை, கொலை தானாக வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. படிக்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி “ஏன் மறுத்தாள்?” என்பதுதான். “ஏன் வெட்டினான்?” என்று கேட்கத் தேவையே இல்லை, ஏனென்றால் தலைப்பே அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

2024 நவம்பரில் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியை குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு 26 வயது. அன்றைக்கு என் கைபேசிக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை “திருமணத்துக்கு மறுத்த ஆசிரியை” என்றுதான் தொடங்கின. பெண் கேட்டு வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது எல்லா வீட்டிலும் நடப்பது. அதைப் போய் ஒரு மனிதரின் கடைசி அடையாளமாக ஆக்கிவிட்டோம்.

இதை எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இப்படியே ஏன் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அச்சுமேசை எழுதியது:

நாளிதழ் ஒன்றில் பல வருடங்கள் துணை ஆசிரியர் வேலை பார்த்தவன் நான், சொல்கிறேன்.

இந்த மாதிரி செய்தி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு தாலுகாவுக்கு ஒரு பகுதிநேர நிருபர் இருப்பார். அவருக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, விளம்பரம் பிடித்தால் கமிஷன், செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுப்பார்கள். அவர் கொலை நடந்த வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவது அபூர்வம். நேரமும் இல்லை, பெட்ரோல் காசும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போவார், இல்லையென்றால் நிலையத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு வரும். அதில் என்ன இருக்கும்? கைது செய்யப்பட்டவர் சொன்னது இருக்கும். “எனக்கும் என் மனைவிக்கும் அடிக்கடி தகராறு ஏற்பட்டது, அவள் அடிக்கடி போனில் பேசிக்கொண்டிருந்தாள், கண்டித்தும் கேட்கவில்லை, ஆத்திரத்தில்...” இதுதான் வாக்குமூலம். இதை நிருபர் அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவார். மாலை பதிப்பு நேரம் நெருங்கும்போது அலுவலகத்தில் செய்தி மேசையில் இருக்கும் துணை ஆசிரியர் அதைச் சுருக்கித் தலைப்பு போடுவார்.

ஆக, கரிசல்மண் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்தத் தலைப்பு கொன்றவனுடைய வாக்கியம். அவன் காவல் நிலையத்தில் சொன்னதைக் காவலர் எழுதி, நிருபர் பெயர்த்து, மேசை சுருக்கி, மறுநாள் காலையில் பத்திரிகையின் குரலாக வெளிவருகிறது. நடுவில் “என்று அவர் போலீசாரிடம் தெரிவித்தார்” என்ற ஒரு துண்டு இருந்திருக்கும், இடம் போதாது என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். செத்துப்போனவரால் எதிர்த்துப் பேச முடியாது. அவருடைய அம்மாவையோ அக்காவையோ கேட்டால் வேறு கதை கிடைக்கும், ஆனால் அவர்கள் அன்றைக்குப் பிணவறை வாசலில் இருப்பார்கள்.

வழக்காடி எழுதியது:

அச்சுமேசை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு நெடுநாளாக இதில் கோபம் உண்டு.

காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 23ஆவது பிரிவு. பொருள் எதையாவது கண்டெடுக்க உதவிய பகுதி மட்டும்தான் விதிவிலக்கு. நீதிமன்றம் ஏற்காத ஒரு தாளைத்தான் ஊடகம் நடந்த உண்மையாக அச்சடிக்கிறது. கைதானவர் நிரபராதியாக இருந்தால் அவருக்கும் இது அநியாயம், அதையும் சேர்த்தே சொல்கிறேன். 

அடுத்தது. கொலைக் குற்றத்தில் தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல். அப்படி நடந்தது என்று காட்டினால் அது கொலை என்ற வரையறைக்குள் வராமல் போகலாம். அதைக் காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவருடைய வழக்கறிஞரின் வேலை, நீதிபதி அதைச் சலித்துப் பார்ப்பார். பத்திரிகையில் “ஆத்திரமடைந்த கணவர்” என்று எழுதும்போது அந்த வாதம் எந்தக் குறுக்கு விசாரணையும் இல்லாமல் ஊர் முழுக்க ஏற்கப்பட்டுவிடுகிறது. அரிவாளை முதல் நாளே வாங்கி வைத்திருந்த வழக்குகளில்கூட “ஆத்திரத்தில்” என்றுதான் வருகிறது.

பழையவாசகன் எழுதியது:

எல்லோரும் சொல்வது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். கொலை என்றால் ஏன் என்று வாசகன் கேட்கத்தானே செய்வான்? காரணத்தையே எழுதாமல் “கணவர் மனைவியைக் கொன்றார்” என்று மட்டும் போட்டால் அது அரைகுறைச் செய்தி இல்லையா? இன்னொன்று, பெண் பிள்ளைகளைப் பெற்றவன் என்ற முறையில் கேட்கிறேன், “இரவில் தனியாக”, “முகநூலில் அறிமுகமான” என்று எழுதுவதைப் படித்துச் சில பேராவது எச்சரிக்கையாக இருப்பார்களே. அதைப் பழி போடுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

மஞ்சள்வெயில் எழுதியது:

பழையவாசகன் ஐயா, நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன்.

நான் அடி வாங்கிய வீட்டில் தினமும் இரண்டு நாளிதழ்கள் வரும். இந்த மாதிரி செய்தி வந்த நாட்களில் என் மாமியார் அதைச் சத்தமாகப் படிப்பார். “பார், புருஷன் சொல் கேட்காததால் என்ன ஆயிற்று.” என்னை மிரட்டுவதற்காகப் படித்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அவர் அதை உண்மையாகவே நம்பினார், எனக்கு நல்லது சொல்வதாகவே நினைத்தார். நீங்கள் சொல்லும் எச்சரிக்கை எங்கள் வீட்டில் இப்படித்தான் வேலை செய்தது: வெளியே போகாதே, எதிர்த்துப் பேசாதே, திரும்பி வர மாட்டேன் என்று சொல்லாதே. என் கணவரை யாரும் எச்சரிக்கவில்லை. கை ஓங்குகிற ஆளுக்கு அந்தச் செய்தியில் பயப்பட என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அவருக்காகக் காரணம் தயாராக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

பெண்கள் இருட்டில் தெரியாதவனிடம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் செய்திகளைப் படித்தால் வரும் எண்ணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை வருடா வருடம் பாருங்கள், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீடு, நண்பர், வேலை கொடுத்தவர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான, மணமாகிப் பிரிந்த பெண்களில் 18 முதல் 49 வயது வரை இருப்பவர்களிடம் கேட்டார்கள். கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 38.1 சதவீதம். இந்திய அளவில் அது 29.3. படித்த மாநிலம், வளர்ந்த மாநிலம் என்கிறோம். எச்சரிக்கை செய்ய வேண்டும் என்றால் “வீட்டுக்குள் ஜாக்கிரதை” என்றுதான் போட வேண்டும்.

அதே கணக்கெடுப்பில் இந்திய அளவில் அடி வாங்கிய பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். முக்கால்வாசிக்கு மேல் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னிடமும் கேட்டார்கள். சொன்னால் அடுத்த நாள் என்ன மாதிரி பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் மாமியார் தினமும் வாசித்துக் காட்டினாரே.

கரிசல்மண் எழுதியது:

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. 

2025 ஜூனில் அவிநாசிப் பக்கம் ஒரு பெண் திருமணமாகிச் சில மாதங்களுக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாத் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பப் போட்டன. கீழே வந்த கருத்துகளில் பாதி “படித்த பெண்தானே, கிளம்பி வந்திருக்கலாமே”, மீதி “பெற்றவர்கள் ஏன் திருப்பி அனுப்பினார்கள்”. செய்தி வாசிப்பவரே “ஏன் இந்த முடிவை எடுத்தார்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டில் அவருக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி எப்போதும் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குத்தான் வருகிறது.

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையைக் கூட்டாக வன்கொடுமை செய்து கொன்றதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 2017 செப்டம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரும் படமும், கிடந்த நிலையில் எடுத்த படமும்கூட, எத்தனை இணையத்தளங்களில் போனது! நீதி கேட்கிறோம் என்று சொல்லித்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். பள்ளிச் சீருடையில் போன பிள்ளை என்பதால் அன்றைக்கு அவள் மேல் பழி சொல்ல ஆட்கள் குறைவு. அதே தீவிலோ வன்னியிலோ ஒரு இளம் விதவைக்கு நடந்தால் “தனியாக வசித்து வந்த குடும்பப் பெண்” என்று தொடங்குவார்கள். யுத்தத்தில் கணவனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்ப்பவள் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் இங்கே. அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொருத்திக்கும் அது தன்னைப் பற்றிய வரி.

வழக்காடி எழுதியது:

அடையாளத்தை வெளியிடுவது பற்றி வல்லைவெளி சொன்னதால் இந்தியச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228-ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பெயர் மட்டும் இல்லை, தொலைவிலாவது அவரை அடையாளம் காட்டிக்கொடுக்கக்கூடிய எந்தத் தகவலும் வரக் கூடாது. அதே ஆண்டு ஏப்ரலில், காஷ்மீர் பக்கம் கத்துவாவில் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட சிறுமியின் பெயரை வெளியிட்ட ஊடக நிறுவனங்களை ஆளுக்குப் பத்து லட்சம் கட்டச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம்.

ஆனால் அடையாளத்தை வெளியே விடுவது ஊடகம் மட்டும் இல்லை. பெண்களை வன்கொடுமை செய்து காணொளி எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் 2019ல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன்னால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார், அரசாணையிலும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அப்புறம் 2024 டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கு. முதல் தகவல் அறிக்கை அப்படியே இணையத்தில் வெளியானது. அதில் எழுதியிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைப் பழிப்பதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது, இங்கேயும் இடைக்கால இழப்பீடு 25 லட்சம், விசாரணைக்கு மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழு. 

இதை நான் சொல்வதற்குக் காரணம், அச்சுமேசை சொன்ன சங்கிலி நிருபரிடம் தொடங்கவில்லை. புகாரை எழுதுகிற எழுத்தரிடமே தொடங்குகிறது. அங்கே “ஆண் நண்பருடன் தனிமையில் இருந்தபோது” என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் தொலைக்காட்சி வரைக்கும் அது போகும். அந்த மாணவி நடந்ததைச் சொல்லத் துணிந்தார், அதனால்தான் ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை. ஆனால் விவாத மேடைகளில் முதல் வாரம் முழுக்க ஓடிய கேள்வி என்ன? அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை.

படத்தொகுப்பு எழுதியது:

எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு யூடியூப் செய்தி அலைவரிசைக்குப் படத்தொகுப்பு செய்கிறேன், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

முகப்புப் படம் செய்யும்போது எங்களுக்குத் தரும் சொற்கள் தயாராக இருக்கும்: “பகீர் வாக்குமூலம்”, “உல்லாசம்”, “கள்ளக்காதல்”. இதில் “உல்லாசம்” என்ற சொல் எனக்குச் சகிக்கவே முடியாதது. பதினாறு வயதுப் பெண்ணை நாற்பது வயது ஆள் ஏமாற்றிக் கூட்டிப்போயிருப்பான், போக்சோ சட்டத்தில் கைதாகியிருப்பான், கீழே “ஆசை வார்த்தை கூறி உல்லாசம்” என்று போடச் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. அந்தக் குழந்தைக்கு நடந்ததை அவன் அனுபவித்த விதத்திலிருந்து சொல்கிறோம்.

அப்புறம் படங்கள். சித்தரிப்புப் படம் என்று தேடினால் வருவது எல்லாமே ஒரே மாதிரி: மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் பெண், முகத்தை மூடிய பெண், அவள் மேல் விழும் கை நிழல். தலை குனிய வேண்டியவர் அவரா? பொள்ளாச்சியின்போது அந்தக் கெஞ்சும் குரலை எத்தனை அலைவரிசைகள் பின்னணி இசையோடு ஓட்டின என்று நினைவிருக்கிறதா? அந்தக் குரலுக்கு உரியவர் அதை எத்தனை முறை கேட்டிருப்பார். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை வந்த அன்றைக்கும் அதையே திரும்ப ஓட்டினார்கள்.

பழையவாசகன் எழுதியது:

மஞ்சள்வெயில் எழுதியதைப் படித்த பிறகு எச்சரிக்கை பற்றி நான் கேட்டதை விட்டுவிடுகிறேன் அம்மா. ஆனால் காரணம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. “கள்ளக்காதல்” என்ற சொல் வேண்டாம், சரி. 2018லேயே உச்ச நீதிமன்றம் திருமணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கிய 497ஆவது பிரிவை நீக்கிவிட்டது, அது இப்போது குற்றமே இல்லை. “கற்பழிப்பு” என்று போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர் இப்போது “பாலியல் வன்கொடுமை” என்கிறார்கள், நல்ல மாற்றம்தான். ஆனால் உண்மையிலேயே கொலைக்கு முன்னால் அந்த வீட்டில் சண்டை நடந்திருக்கிறது என்றால் அதை எப்படி எழுதுவது? மறைத்துவிடுவதா?

அச்சுமேசை எழுதியது:

மறைக்க வேண்டாம். வேறு கேள்வியைக் கேட்டால் போதும்.

ஒரு கொலைக்கு முன்னால் நடந்தது என்ன என்று எழுத இடம் இருக்கிறது என்றால், அதில் முதலில் வர வேண்டியது அந்தப் பெண் முன்பு எங்கே போய் முறையிட்டார் என்பது. என் அனுபவத்தில் மனைவியைக் கொன்ற செய்திகளில் கணிசமானவற்றில் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும்: “இது தொடர்பாக ஏற்கெனவே மகளிர் காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்பட்டு, போலீசார் இருவரையும் சமரசம் செய்து அனுப்பி வைத்தனர்.” அதைப் பெரும்பாலும் இடத்துக்காக வெட்டிவிடுவார்கள். அதுதான் செய்தியின் முதல் வரியாக வந்திருக்க வேண்டும்! காப்பாற்றச் சொல்லி வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதன் பிறகு கொலை நடந்திருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? 1992ல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கியபோது பெண்கள் தயங்காமல் வந்து சொல்லத்தான் தொடங்கினார்கள். வந்து சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்று பின்தொடர்ந்து எழுதிய மாவட்டப் பக்கங்கள் எத்தனை?

“குடும்பத் தகராறு” என்ற சொல்லையும் இதனால்தான் நான் வெறுக்கிறேன். தகராறு என்றால் இரண்டு பேர் சமமாக நின்று சண்டை போடுவது. ஒருவர் அடிக்க ஒருவர் வாங்குவதற்கு அந்தப் பெயரை வைத்தால் சமரசம் செய்து அனுப்பிய காவலர் செய்தது சரி என்றே ஆகிவிடும்.

மஞ்சள்வெயில் எழுதியது:

என்னையும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். “இனிமேல் ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறோம்” என்று இரண்டு பேரும் கையெழுத்து. நான் என்ன ஒழுங்கு தவறினேன் என்று யாரும் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மகளிர் உதவி எண் 181க்கு அழைக்கலாம் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். அத்தனை கொலைச் செய்திகள் படித்திருக்கிறேன், ஒன்றின் கீழேயாவது அந்த எண்ணைப் போட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போடப் பழகிவிட்டார்கள்தானே? அதுபோல இதற்கும் போடலாம்.

படத்தொகுப்பு எழுதியது:

சரி, ஒரு முயற்சி செய்வோமா? “குடும்பம் நடத்த வர மறுத்த மனைவி வெட்டிக் கொலை” என்பதை எப்படி மாற்றுவீர்கள்? கைபேசித் திரையில் அடங்க வேண்டும், பெரிய வாக்கியம் கொடுத்தால் எங்கள் ஆசிரியர் படிக்கவே மாட்டார்.

கரிசல்மண் எழுதியது:

“பிரிந்து வாழ்ந்த மனைவியைத் தேடிச் சென்று வெட்டிக் கொன்ற கணவர் கைது.” 

வழக்காடி எழுதியது:

தீர்ப்பு வரும் வரை “கொன்றதாகக் கணவர் கைது” என்று இருக்கட்டும், அது அவருடைய உரிமை. “தேடிச் சென்று” என்பது முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். பிரிந்து போன பிறகுதான் ஆபத்து அதிகம் என்பதை நீதிமன்றத்தில் இருக்கும் எல்லோரும் அறிவோம், “ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை” என்று கேட்கிறவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

அச்சுமேசை எழுதியது:

“மனைவியைத் தேடிச் சென்று கொன்றதாகக் கணவர் கைது, மனைவி முன்பே புகார் கொடுத்திருந்தார்.” இரண்டு வரியில் அடங்கும். ஆனால் இரண்டாவது பாதியை எழுத நிருபர் விசாரித்திருக்க வேண்டும். அங்கேதான் இடிக்கும். அதைக் கேட்டால் ஆய்வாளர் முகம் சுளிப்பார், அடுத்த நாள் மற்ற குறிப்புகளையும் அனுப்பாமல் விட்டுவிடுவார் என்ற பயம் தாலுகா நிருபருக்கு இருக்கிறது. நியாயமான பயம்தான், அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வியை மேசையிலிருந்துதான் கேட்க வேண்டும், “முன்பு புகார் உண்டா, என்ன நடவடிக்கை?” என்ற வரி இல்லாமல் இந்த வகைச் செய்தி பக்கத்துக்குப் போகாது என்று ஆசிரியர் விதி வைக்க வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

வாசகர்கள் என்ன செய்யலாம்? கடிதம் போட்டால் படிக்கிறார்களா?

வழக்காடி எழுதியது:

அச்சுப் பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும், செய்தியின் நறுக்கையும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும். மன்றத்தால் அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ படமோ வெளியாகியிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அது நேரடியாகக் குற்றம், காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

நிருபர்களுக்கு ஒன்று: முன்பு புகார் இருந்ததா என்று ஆய்வாளரிடம்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. புகார் கொடுக்கும்போது அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், அது பெரும்பாலும் பெண்ணின் அம்மா வீட்டில் பத்திரமாக இருக்கும். அதில் எண்ணும் தேதியும் இருக்கும். ஒரு நாள் பொறுத்து அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.